எக்ஸ்ரேயில் தெரியாத விரிசலும் பையனின் உடைந்த முன்பல்லும்

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். உங்களுக்கு 46 வயது, கீழ்த்தாடை இடது கடைவாய்ப்பல்லில் பழைய வெள்ளி அடைப்பு இருக்கிறது, சில வாரங்களாக முறுக்கோ கடலையோ கடித்தால் எப்போதாவது சுளீர் என்று ஒரு வலி வந்து உடனே போய்விடுகிறது, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, கூச்சத்துக்கான பேஸ்ட் போடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொன்று, 9 வயதுப் பையன் நேற்று விளையாடும்போது விழுந்து மேல் முன்பல்லின் முனை உடைந்திருக்கிறது, வலி இல்லை என்கிறான், அப்படியே விடலாமா என்கிறீர்கள். நான் பல் மருத்துவன். உங்கள் வாயைப் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் எழுதியதை வைத்தே நிறையச் சொல்லலாம்.

முதலில் பையன். அவசரம் அங்கேதான். விடக்கூடாது, வலி இல்லாவிட்டாலும்.

நல்ல வெளிச்சத்தில் அவன் உதட்டைத் தூக்கி, உடைந்த இடத்தின் முகத்தைப் பாருங்கள். முழுக்க வெள்ளையாக இருந்தால் எனாமல் மட்டும் போயிருக்கிறது. கூராக நிற்கும் ஓரத்தைத் தேய்த்து மழுங்கடித்தாலே போதும், பார்க்க நன்றாயில்லை என்றால் பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட் என்ற பசையைக் கொஞ்சம் வைத்து நிரப்பலாம். வெள்ளைக்கு நடுவில் மஞ்சளாக ஒரு பரப்பு தெரிந்தால் உள்ளே இருக்கும் டென்டின் வெளியே வந்துவிட்டது. டென்டின் முழுக்க கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள், ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு அவை இன்னும் அகலம். கிருமி உள்ளே போக அதுவே திறந்த வாசல், அதனால் ஓரிரு நாளுக்குள் மூடிவிட வேண்டும். மஞ்சளுக்கு நடுவே ரோஸ் நிறத்திலோ சிவப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால் அல்லது ரத்தம் கசிந்தால் பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் கூழே வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் இதை அப்புறம் படிக்கலாம், இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

உடைந்த துண்டு கிடைத்ததா? கிடைத்திருந்தால் பாலிலோ தண்ணீரிலோ போட்டு எடுத்துப் போங்கள், பேப்பரில் மடித்து வைத்தால் காய்ந்துவிடும். துண்டு சரியாகப் பொருந்தினால் அதையே திரும்ப ஒட்டலாம். துண்டு இல்லாமல் எந்தப் பசை வைத்து நிரப்பினாலும் சொந்தப் பல்லின் நிறமும் பளபளப்பும் வராது. வீட்டில் ஃபெவிக்விக் வைத்து ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, தயவு செய்து வேண்டாம். துண்டு கிடைக்கவில்லை, கூடவே உதடும் கிழிந்திருக்கிறது என்றால் ஒரு விஷயத்தை டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்: துண்டு உதட்டுக்குள்ளேயே புதைந்திருக்கலாம். உதட்டை விரலால் அமுக்கிப் பார்த்தால் சில சமயம் கல் மாதிரி தட்டுப்படும், இல்லையென்றால் உதட்டுக்கு ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். அது தெரியாமல் மேலே தையல் போட்டு, அப்புறம் வீக்கம் வந்து திரும்ப வருகிற கேஸ்கள் இருக்கின்றன. மண்ணில் விழுந்திருந்தால் டெட்டனஸ் ஊசி கணக்கு சரியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூழ் வெளியே தெரிந்தால் சில இடங்களில் உடனே ரூட் கேனால் என்பார்கள். 9 வயதில் அதற்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். அந்த வயதில் மேல் முன்பல்லின் வேர் நுனி இன்னும் முழுசாக மூடியிருக்காது, சுவரும் மெல்லிசு. வேர் வளர்ந்து முடிய வேண்டுமானால் உள்ளே கூழ் உயிரோடு இருக்க வேண்டும். அதனால் மேலாக இரண்டு மில்லிமீட்டர் அளவு கூழை மட்டும் எடுத்துவிட்டு, ரத்தம் நின்றதும் கால்சியம் ஹைட்ராக்சைடோ எம்டிஏ என்ற சிமென்ட் போன்ற மருந்தோ வைத்து மூடுவார்கள். சுவீடனில் மியோமிர் ஸ்வெக் என்பவர் 1978இல் 60 பற்களில் இப்படிச் செய்து 96 சதவீதம் வெற்றி என்று எழுதினார். அடிபட்டுப் பல நாள் கழித்து வந்த பிள்ளைகளும் அதில் அடக்கம். இன்றைக்கும் பிள்ளைகளுக்கு முதலில் யோசிக்க வேண்டிய வழி அதுதான். உங்கள் டாக்டர் அதைப் பற்றிப் பேசவே இல்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

சாதாரண உடைவு என்றால் பெரும்பாலும் ஒரே தடவையில் முடிகிற வேலை, பொதுவாக ஊசிகூட வேண்டியிருக்காது. நிறம் பார்ப்பது முதல் வேலை. வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுத்துவிடும், அந்த வெளுப்புக்குப் பொருத்தமாக நிறம் எடுத்தால் மறுநாள் பல் பழைய நிறத்துக்கு வந்ததும் ஒட்டுப் போட்ட இடம் மட்டும் தனியாகத் துருத்தும். அதனால் கவனமுள்ளவர்கள் பல் ஈரமாக இருக்கும்போதே நிறத்தைத் தேர்ந்துவிடுவார்கள். அப்புறம் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் ஆசிட் ஜெல்லைச் சில விநாடிகள் தடவிக் கழுவுவார்கள், காற்றடித்துக் காயவைத்ததும் எனாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலாகத் தெரியும், அந்தச் சொரசொரப்பில்தான் பசை பிடிக்கிறது. அதன்மேல் காம்போசிட்டை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் நீல விளக்கில் இறுக்கி, கடைசியில் மெருகேற்றுவார்கள். சில வருடங்கள் தாங்கும், ஓரம் பெயரும், டீ காபியில் நிறம் மாறும், திரும்பச் செய்துகொள்ளலாம். நகம் கடிப்பது, பேனா மூடி கடிப்பது, கரும்பைப் பல்லால் உரிப்பது எல்லாம் அந்தப் பல்லுக்கு இனிமேல் கிடையாது. அழகாக இருக்கும், இப்போதே கேப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்பேன். வளர்கிற பையன், ஈறு இன்னும் மேலே ஏறும், பல்லைச் சுற்றிச் செதுக்குவதற்கு இது வயதில்லை.

ஒட்டியதோடு முடிந்துவிடுவதில்லை. அடி வாங்கிய பல் மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு உள்ளே செத்துப்போகும். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு தடவை, ஒரு வருடத்தில் ஒரு தடவை எக்ஸ்ரேயோடு பார்க்க வேண்டும், கூழைத் தொட்டிருந்தால் இடையிலும் பார்க்க வேண்டும். பல் சாம்பல் நிறமாக மாறினாலோ மேலே ஈறில் பரு மாதிரி கிளம்பினாலோ அதற்குக் காத்திருக்க வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். முளைத்த நிரந்தரப் பல் என்றைக்காவது முழுசாகப் பெயர்ந்து கையில் வந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேல் பகுதியைப் பிடித்து, மண் இருந்தால் லேசாக அலசி, அந்தக் குழியிலேயே திரும்பச் செருகிவிட்டு ஓடுங்கள், முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். நேரம் நிமிஷக் கணக்கு. பால்பல் என்றால் மட்டும் திரும்பச் செருகக்கூடாது, கீழே வளர்கிற பல்லைக் கெடுத்துவிடும்.

சரி, உங்கள் பல்லுக்கு வருவோம்.

ஒரு கேள்விக்கு நீங்களே யோசித்துப் பதில் சொல்லுங்கள். அந்தச் சுளீர் எப்போது வருகிறது, பல்லை அழுத்தும்போதா, அழுத்தத்தை விடும்போதா? விடும்போது என்றால் எனக்குப் பெரும்பாலும் விரிசல் சந்தேகம்தான். சொத்தையோ சீழோ உள்ள பல் அழுத்தினால் வலிக்கும், விண்விண் என்று தெறிக்கும், விட்டால் கொஞ்சம் அடங்கும். விரிசல் விழுந்த பல்லில் கடிக்கும்போது இரண்டு பக்கமும் இம்மியளவு விலகுகிறது, விடும்போது படக்கென்று சேர்கிறது, அந்த அசைவில் நுண்குழாய்க்குள் இருக்கும் திரவம் சட்டென்று நகர்ந்து நரம்பைச் சுண்டுகிறது. அதனால்தான் வலி மின்னல் மாதிரி வந்து போகிறது, ஒரு குறிப்பிட்ட முனையில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கடலை மாட்டினால்தான் வருகிறது, டாக்டர் கேட்கும்போது எவ்வளவு கடித்தாலும் வரமாட்டேன் என்கிறது. 1964இல் கேமரன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இந்த அறிகுறிகளையெல்லாம் சேர்த்து ஒரு தனிப் பெயரே கொடுத்தார். அதற்கு முன்பும் பின்பும் இது எத்தனையோ பேருக்குக் 'கூச்சம்' என்ற கணக்கிலேயே போயிருக்கிறது.

எந்தப் பல் என்று உங்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதிலும் ஆச்சரியமில்லை. பல்லின் உள் நரம்புக்கு வலி தெரியும், இடம் தெரியாது. இடத்தைச் சொல்வது வேரைச் சுற்றியுள்ள சவ்வில் இருக்கும் நரம்புகள், விரிசலின் ஆரம்பத்தில் அவை பாதிக்கப்படுவதில்லை. இடது பக்கம் என்று நிச்சயமாகத் தெரியும், மேலா கீழா என்று குழம்பும். இதை நம்பி எதிரில் இருக்கும் நல்ல பல்லில் கை வைத்துவிடக்கூடாது.

எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை? கடைவாய்ப்பல்லில் விரிசல் பெரும்பாலும் முன்னிருந்து பின்னாக, வரிசையின் போக்கிலேயே ஓடும். எக்ஸ்ரே கதிரோ கன்னத்திலிருந்து நாக்குப் பக்கமாகப் போகிறது. விரிசலின் தட்டையான முகம் கதிருக்கு எதிரே நிற்பதால் படத்தில் கோடே விழாது, கன்னத்திலிருந்து நாக்கு வரை குறுக்கே ஓடும் விரிசல் என்றால்தான் தெரிய வாய்ப்பு. சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்தாலும் முடியளவு விரிசல் பிடிபடாது, அதிலும் உங்களுடைய மாதிரி உலோக அடைப்பு இருந்தால் அதைச் சுற்றி ஒளிக்கோடுகள் சிதறி எல்லாம் கலங்கிவிடும். எக்ஸ்ரே வீண் என்று சொல்லவில்லை, சொத்தை இல்லை, எலும்பு கரையவில்லை என்று தெரிந்துகொள்ள அது தேவை. ஆனால் படம் சுத்தம் என்பதால் பல் சுத்தம் என்று ஆகிவிடாது.

அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? கையால்தான். ஒரு சின்ன பிளாஸ்டிக் குச்சி இருக்கிறது, நுனியில் குழிவான பிரமிடு வடிவம், அதைப் பல்லின் ஒவ்வொரு முனையிலும் தனித்தனியாக வைத்துக் கடிக்கச் சொல்லி மெதுவாக விடச் சொல்வோம். மூன்று முனையில் ஒன்றும் இருக்காது, நாலாவதில் ஆள் நாற்காலியிலிருந்து துள்ளுவார். அடுத்து மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு மெல்லிய வெளிச்சத்தைப் பல்லின் பக்கவாட்டில் வைப்போம். ஆழமான விரிசல் என்றால் வெளிச்சம் அந்தக் கோட்டில் அப்படியே நின்றுவிடும், ஒரு பக்கம் பளிச், மறுபக்கம் இருட்டு. பழைய அடைப்பை எடுத்துவிட்டு உள்ளே நீலச் சாயம் தடவினால் கோடு சாயம் குடித்துக்கொண்டு காட்டிக்கொடுக்கும், உங்கள் விஷயத்தில் இதுவரை போக வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ஐஸ் குச்சி வைத்து நரம்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது, ஈறு ஓரமாக அளவு கம்பியை விட்டுச் சுற்றிலும் அளப்பது இரண்டும் கட்டாயம். சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்க, ஒரே ஒரு இடத்தில் மட்டும் கம்பி சடாரென்று ஆழமாக இறங்கினால் விரிசல் வேர்வரை போயிருக்கலாம், அது நல்ல சேதி இல்லை. ஏற்கெனவே ரூட் கேனால் செய்த பல்லில் இப்படி இறங்கி, பக்கத்தில் ஈறில் கொப்புளமும் வந்து வந்து போனால் வேரே நெடுக்கில் பிளந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

வீட்டில் நீங்களே குச்சி வைத்துக் கடித்துச் சோதிக்காதீர்கள், பாதி விரிசலை முழுசாக்கிக்கொள்வீர்கள். இதைப் படிக்கிற மற்றவர்கள் மொபைல் டார்ச்சை அடித்து முன்பல்லில் செங்குத்தாக மெல்லிய கோடுகளைப் பார்த்துவிட்டுப் பதறவும் வேண்டாம். நடுவயதில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கிற எனாமல் கீறல்கள் அவை. வெளிச்சம் அவற்றைத் தாண்டிப் போகும், வலி இருக்காது, வைத்தியமும் தேவையில்லை. அதற்கு வெனீர், அதாவது பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு, போட வேண்டும் என்று யாராவது சொன்னால் அது அழகுக்கான வேலை, அவ்வளவுதான்.

உங்கள் பல்லுக்கு ஏன் இது வந்தது என்றால், மேல் கடைவாய்ப்பல்லின் உட்பக்க முனை கீழ்ப்பல்லின் நடுக்குழியில் வந்து உட்காரும்படிதான் வாய் அமைந்திருக்கிறது. ஒவ்வொரு கடியும் விறகில் ஆப்பு இறக்குவதுதான். முழுப் பல் அதை ஆயுசுக்கும் தாங்கும். நடுவில் குடைந்து பெரிய வெள்ளி அடைப்பு வைத்த பல்லில் சுவர்கள் தனித்தனியாக நிற்கின்றன, வெள்ளி அடைப்பு அவற்றைப் பிடித்து ஒட்டுவதில்லை, இடத்தை நிரப்புகிறது. அதன்மேல் நம் ஊர்த் தீனி: சீடை, கமர்கட்டு, கொட்டைப்பாக்கு, நல்லி எலும்பு, வாயில் ஊறவைத்துச் சாப்பிட வேண்டிய பொருவிளங்கா உருண்டையைப் பொறுமையில்லாமல் கடிப்பது, சோற்றில் ஒரு கல். இதெல்லாம்கூட எப்போதாவதுதான். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது தினமும் நடக்கிறது, கடிக்கிறவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவரைக் கேளுங்கள். காலையில் தாடை இறுகி இருக்கிறதா, கன்னப்பொட்டு வலிக்கிறதா என்றும் பாருங்கள்.

வைத்தியத்துக்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: விழுந்த விரிசல் திரும்ப ஒன்றுசேராது. எலும்பு உடைந்தால் கூடும், ஏனென்றால் எலும்பில் உயிரணுக்கள் இருக்கின்றன. எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள், எடையில் 96 சதவீதம் தாது, ஆனால் பல் வெளியே முளைத்த பிறகு அதை உண்டாக்கிய உயிரணுக்கள் இல்லை. எந்தப் பேஸ்டும், எண்ணெய் கொப்பளிப்பதும், விளம்பரத்தில் வரும் பொடியும் விரிசலை ஒட்டாது. நாங்கள் செய்வதெல்லாம் அது மேலும் விரியாமல் வெளியிலிருந்து இறுக்கிப் பிடிப்பதுதான். அதனால்தான் பழைய அடைப்பை எடுத்துவிட்டுப் புது வெள்ளை அடைப்பு வைத்தால் மட்டும் போதாது என்கிறேன், பல்லின் முனைகளை மூடிப் பிடிக்கிற ஆன்லேயோ முழு கேப்போ வேண்டும்.

சில டாக்டர்கள் உடனே கேப்புக்குப் போகாமல், கிளிப் போடுகிறவர்கள் கடைவாய்ப்பல்லில் மாட்டும் எஃகு வளையத்தை ஒட்டிச் சில வாரம் விட்டுப் பார்ப்பார்கள், கூடவே கடி கொஞ்சம் குறையும்படி மேலே லேசாக ராவிவிடுவார்கள். எனக்கு இந்த முறை பிடிக்கும். வளையம் மாட்டியதும் வலி நின்றால் விரிசல்தான் என்று உறுதியாகிறது, பல் பிழைக்கும் என்றும் தெரிகிறது, பணமும் பல்லும் அதிகம் செலவாகவில்லை. நிற்காமல் மோசமானால் கேப் போட்டு அதைத் திரும்ப ஓட்டை போடும் அவலம் இல்லை.

ரூட் கேனால் வேண்டுமா என்பதை நரம்பின் நிலை சொல்லும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுளீர் என்று வந்து சில விநாடியில் போய்விட்டால் நரம்பு இன்னும் மீளக்கூடிய நிலையில் இருக்கிறது. தண்ணீரை விழுங்கி அரை நிமிஷம் தாண்டியும் வலி நின்று இழுத்தால், காரணமே இல்லாமல் ராத்திரி எழுப்பினால், சூடு பட்டால் அதிகமானால் பெரும்பாலும் ரூட் கேனால்தான். மீளக்கூடிய நிலையில் கேப் போட்டவர்களிலும் சுமார் ஐந்தில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் ரூட் கேனால் தேவைப்பட்டதாக ஆய்வு இருக்கிறது. இதை டாக்டர் முன்கூட்டியே சொன்னால் அவருக்குத் தொழில் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள், உங்களிடம் நேர்மையாக இருக்கிறார். சொல்லாமல் 'நூறு சதவீதம் சரியாகிவிடும்' என்கிறவரிடம்தான் எனக்குச் சந்தேகம்.

முடியாத கட்டமும் உண்டு. உள்ளே திறந்து பார்க்கும்போது விரிசல் கூழ் இருக்கும் அறையின் அடித்தரையைக் குறுக்கே கடந்து போயிருந்தால், அல்லது இரண்டு பாதியும் தனித்தனியாக ஆடினால், அந்தப் பல்லை எடுப்பதுதான் வழி. அங்கே கேப் போடுவது காசைக் கொட்டுவது. மாறாக ஒரு முனை மட்டும் அடைப்பை ஒட்டி உடைந்து விழுந்துவிட்டால் சந்தோஷப்படலாம், பார்க்கப் பயமாக இருந்தாலும் அதுதான் எளிதாகச் சரிசெய்யக்கூடியது, பல நேரம் வலியே இருக்காது, நாக்கில் கூராகக் குத்தும், அவ்வளவுதான்.

டாக்டரைப் பார்க்கிறவரை வலது பக்கமாகவே மெல்லுங்கள், ஐஸ் தண்ணீர் வேண்டாம். கிராம்புத் தைலம் வைக்காதீர்கள். அதில் இருக்கும் யூஜெனால் பிறகு வைக்கப்போகும் காம்போசிட்டைச் சரியாக இறுகவிடாது, நேராகப் பட்டால் ஈறும் வெந்துபோகும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அடக்கிக்கொள்ளும் பழக்கமும் அதே மாதிரி புண்ணாக்கும். முகம் வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்க முடியாமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். போகும்போது 'பல் வலி' என்று சொல்லாமல், 'கடித்துவிட்டு விடும்போது சுளீர் என்கிறது, இந்தப் பக்கம், பழைய அடைப்பு இருக்கிறது, ஒவ்வொரு முனையாகக் கடித்துப் பார்க்கும் டெஸ்ட் செய்யுங்கள்' என்று சொல்லுங்கள். செலவு பயமாக இருந்தால் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, புதுக்கோட்டையிலும் இப்போது ஒன்று வந்திருக்கிறது. நேரம் ஆகும், பல தடவை போக வேண்டியிருக்கும், ஆனால் சிக்கலான பல்லை நிறுத்தி நிதானமாகப் பார்ப்பார்கள்.

கேப் போட்ட பிறகு ராத்திரி பல் கடிக்கிற பழக்கம் உறுதியானால் நைட் கார்டு ஒன்று அளவெடுத்துச் செய்துகொள்ளுங்கள். கடையில் விற்கும், வெந்நீரில் போட்டு நாமே அழுத்திக்கொள்ளும் மிருதுவான வகையில் சிலர் இன்னும் அதிகமாகக் கடிக்க ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன், கெட்டியான அக்ரிலிக்கில் செய்வதே மேல். மற்ற பெரிய வெள்ளி அடைப்புகளையெல்லாம் இந்தப் பயத்தில் பிடுங்கி மாற்றத் தேவையில்லை. வலி இல்லை, ஓரம் பெயரவில்லை, பக்கத்தில் கோடு ஓடவில்லை என்றால் அவை அப்படியே இருக்கட்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும்போது வெளிச்சம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.